ஒன்னேகால் கிலோ கூலியாள்

வா மருமகனே, வா. உக்காரு. மொகத்தைப் பாத்தா மொய்ப்பணத்தை பஸ்ஸுல விட்டுட்டு வந்தவன் மாதிரி இருக்கு. என்ன, சிபியு பொட்டி மூட மாட்டேங்குதா? எப்பிடி மூடும்? பொட்டிக்குள்ள 155 மில்லிமீட்டர் ஒசரத்துக்குத்தான் எடம். நீ வாங்கிட்டு வந்து நட்டு வச்சிருக்கிற கூலர் கோபுரம் 165. ‘பத்து மில்லிமீட்டர்தான மாமா’ன்னு இளிக்காத. பத்து மில்லிமீட்டர்ங்கிறது ஒரு சுண்டுவெரல் கனம். அந்தச் சுண்டுவெரலைக் கதவு இடுக்குல வச்சு ஒருக்கா சாத்திப் பாரு, பத்து மில்லிமீட்டர் எம்புட்டுன்னு வெளங்கும்.

எம் மடியில உக்கார வச்சுத்தான் ஒனக்குக் காது குத்துனாங்க. ஆசாரி ஊசியைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு காதுலயும் புள்ளி வச்சாரு. எட்ட நின்னு பாத்தாரு. ஒரு பக்கம் எறங்கியிருக்குன்னு அழிச்சிட்டு மறுபடி வச்சாரு. ஒரு கடுகுத் தோட்டுக்கு அம்புட்டு அளவு. நீ ஒரு மாச வருமானத்தைக் கொண்டுபோய்க் கொட்டுற சாமானுக்கு, வீட்டுல கெடக்கிற அரையடி ஸ்கேலை எடுக்கல. கேபினெட்டோட வந்த தாள்ல, சிபியு கூலர் இன்ன ஒசரம் வரைக்கும் வைக்கலாம்னு தெளிவா அச்சடிச்சிருக்கான். அந்தத் தாள்லதான் ஒங்கம்மா காராச்சேவு மடிச்சுக் கொடுத்தா. நானும் தின்னேன்.

வாசிக்கிறவுக, இந்தக் கெழவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன ஒறவுன்னு நெனைக்கலாம். சாத்தூர்ல 41 வருசம் மோட்டார் வைண்டிங் கட்டுனவன் நான். கெணத்து மோட்டார், கிரைண்டர் மோட்டார், தீப்பெட்டி ஆபீஸ் மோட்டார்னு எங் கைக்கு வராத செம்புக் கம்பி கெடையாது. கரண்டு ஓடுற எடத்துல சூடு வரும், சூடு போக வழியில்லைன்னா வார்னிஷ் கருகும். எம் படிப்பு அம்புட்டுதான். கம்ப்யூட்டரும் கரண்டுல ஓடுற சாமான்தான? அதுக்குன்னு தனியா சாமியா எறங்கி வருது?

மருமகன் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். பழைய சிப்பு ரைசன் 3700எக்ஸ். அது டப்பாவுலயே ஒரு கூலர் வந்துச்சு, சுத்தி கலர் லைட்டு ஓடும், சப்பரம் மாதிரி. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இவனுக்கு வேகம் பத்தல. பத்தாதது சிப்போட வேகமா, இவன் எந்திரிக்கிற வேகமான்னு நான் கேக்கல. பாளையம்பட்டிப் பக்கத்துல ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தான். மறுவீடு முடிஞ்சு, ஆடிக்குப் பொண்ணழைச்சு, தலைதீபாவளியும் போயி, அவுக வளைகாப்புக்கு ஆர்டர் கொடுக்க வந்தப்பதான் கல்யாண வீடியோவைக் கையில கொடுத்தான்.

அதனால 5900எக்ஸ் வாங்கினான். 12 கோர். இந்தச் சிப்புக்கு ஏஎம்டிக்காரன் டப்பாவுல கூலர் வைக்கிறதில்ல. ‘இதுக்குத் தாங்குற மாதிரி நீயே பாத்து வாங்கிக்கோ’ன்னு அர்த்தம். பேருக்கு 105 வாட்டுன்னு போட்டிருந்தாலும் முழு மூச்சா ஓடயில 142 வாட்டு வரைக்கும் இழுக்கும். நம்ம வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட்டு. அப்ப ரெண்டு ஃபேனுக்கான கரண்டு. அதுல பெரும்பங்கு சுண்டுவெரல் நகம் அளவு இருக்கிற ரெண்டு சில்லுக்குள்ள பூந்து, அம்புட்டும் சூடா வெளிய வருது. 90 டிகிரி அதுக்கு எல்லைக் கோடு. அதைத் தொட்டதும் சிப்பு தன் வேகத்தைத் தானே கொறச்சுக்கும், செக்போஸ்ட்டைக் கண்ட ஷேர் ஆட்டோ மாதிரி. சப்பரக் கூலரையே புதுச் சிப்பு மேலயும் உக்கார வச்சு ஒரு வாரம் ஓட்டுனான் இவன். 12 கோரும் எல்லைக் கோட்டுலயே குத்த வச்சு உக்காந்திருச்சுக.

அப்பறந்தான் இந்தக் கோபுரம் வந்துச்சு. ஆஸ்திரியா தேசத்து நாக்டுவா கம்பெனி, என்எச்-டி15. 2014-ல வந்த சரக்கு. சிப்பு, போர்டுன்னு தலைமுறை தலைமுறையா மாறியும் இதைக் கழட்டிப் போட மனசு வராம அடுத்ததுல மாட்டுறவன் இருக்கான். ரெண்டு ஃபேனோட சேத்து 1,320 கிராம். ஒன்னேகால் கிலோவுக்கும் மேல. காப்பிப்பொடிக் கலரும் பாலாடைக் கலருமா ரெண்டு விசிறி. டப்பாவுல ஆந்தை முத்திரை. ஒங்கப்பத்தா அந்த ஆந்தையைப் பாத்துட்டு, ‘இதை எதுக்குடா நடுவீட்டுல வச்சிருக்கீக’ன்னு திண்ணையில கொண்டுபோய் வச்சிட்டா. ஆத்தா, இது அலறாத ஆந்தை. சத்தம் போடாம சுத்துறதுக்குத்தான் இந்தக் கம்பெனிக்குப் பேரே.

நேத்து ராத்திரி நீ அதை மாட்டயில நான் கட்டில்ல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசல. ஏன்னு கேளு. நீ கேக்கல, நான் சொல்லல. கேக்காம புத்தி சொல்றது தாய்மாமனுக்கு லட்சணம் இல்ல. எல்லாம் முடிஞ்ச பொறவு குத்திக் காட்டுறதுதான் லட்சணம். இப்ப நீயா வந்து கேட்டுட்ட. காதைத் தீட்டிக்கோ.

மொதல்ல அந்தப் பேரு. கூலர்னு பேரு வச்சானே, அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறீக. அது குளுமையை உண்டாக்குற சாமான் இல்ல. ஃபிரிட்ஜு இல்ல, ஏசி இல்ல. சூட்டைத் தலையில தூக்கிக்கிட்டு ஓடுற ஆளு. கூலர் இல்ல மருமகனே, கூலி. கூலியாளு எம்புட்டுப் பலசாலியா இருந்தாலும் மூட்டையைத் தூக்கி விட ஒருத்தன் வேணும், நடக்கப் பாதை வேணும், எறக்கி வைக்க எடம் வேணும். நீ ஒன்னேகால் கிலோ பயில்வானைக் கூட்டிட்டு வந்து, நாலு பக்கமும் கதவைச் சாத்தி, ‘தூக்குடா’ன்னு நிக்கிற.

ராத்திரி மொத வேலையா என்ன செஞ்ச? கம்ப்யூட்டர் ஆறட்டும்னு ஒரு மணி நேரம் காத்திருந்து, பழைய கூலரை வெத்தலைக் கொடியைப் பிடுங்குற மாதிரி வெடுக்குன்னு இழுத்த. என்ன வந்துச்சு? கூலரும் வந்துச்சு, அதுக்கு அடியில கூடவே சிப்பும் வந்துச்சு. இந்த ஏஎம்4 சாக்கெட்டுல சிப்புக்கு அடியில 1,331 கால் இருக்கு, முடி மாதிரி. சிப்பைப் பூட்டுற நெம்புகோல் பூட்டுனபடியே இருந்தாலும் நேரா இழுத்தா சிப்பு உருவிக்கிட்டு வந்துரும். ஆறிப்போன பசை புட்டு மாவு காஞ்ச கணக்கா ரெண்டையும் ஒட்டிப் பிடிச்சிருக்கும்.

ஆற விட்டதுதான் தப்பு. பத்து நிமிசம் வீடியோவை ஓட விட்டு, பசை எளகுனதும் அணைச்சு, வயரைப் பிடுங்கிட்டு, கூலரை இப்பிடியும் அப்பிடியும் மெல்லத் திருகணும், திருகைக் கல்லைச் சுத்துற மாதிரி. பிடி விட்டது கைக்கே தெரியும். அதுக்குப் பொறவுதான் தூக்கணும். ஒனக்கு மூணு கால் வளைஞ்சிருச்சு. பன்னெண்டு மணிக்கு ‘மாமா’ன்ன. மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஒந் தங்கச்சியோட பட்டன் பென்சில்ல லெட்டை எடுத்துட்டு, அந்த மூக்கு ஓட்டைக்குள்ள ஒவ்வொரு காலா விட்டு நிமித்தினேன். நல்லவேளை, மூணுலயும் ஒன்னுகூட முறியல. அப்பவாவது நீ சிரிப்பை நிப்பாட்டியிருக்கலாம்.

அடுத்தாப்புல பின்தட்டு. போர்டுல கூலரைப் பிடிச்சிருந்த பிளாஸ்டிக் கட்டையோட நாலு ஸ்குரூவை வரிசையாக் கழட்டுன. நாலாவது ஸ்குரூ வெளிய வந்ததும் போர்டுக்குப் பின்னாடி ‘டங்’குன்னு சத்தம். திரும்பி என்னையப் பாத்த. நான் கூரையைப் பாத்தேன். போர்டுக்கு முதுகுப் பக்கம் ஒரு இரும்புத் தட்டு இருக்கு, அந்த நாலு ஸ்குரூதான் அதைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. நாலையும் எடுத்தா விழாம என்ன செய்யும்? புதுக் கூலரும் அதே தட்டைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். ஒரு கை முன்னாடி, ஒரு கை பின்னாடி, மாட்டுக்குப் பிரசவம் பாக்குற மாதிரி நிக்கணும் மருமகனே. நீ ஒத்தக் கையில போனைப் பிடிச்சு, எப்பிடிக் கழட்டுறதுன்னு வீடியோ பாத்துக்கிட்டே கழட்டுன. அந்த வீடியோவுலயும் தட்டு விழும்னு சொல்லித்தான் இருப்பான். நீ அதை ஓட்டி விட்டுருப்ப.

எதுக்குடா அதைப் பொட்டிக்குள்ளயே வச்சு மாட்டுன? போர்டைக் கழட்டி வெளிய எடுத்து, அது வந்த அட்டைப் பொட்டி மேல படுக்கப் போட்டு மாட்டுனா அரை மணி நேரத்துல முடியிற சோலி. கழட்ட ஒம்போது ஸ்குரூ, நாலஞ்சு வயரு. அதுக்கு மடி. அந்த மடிக்கு வட்டியா, மேல் மூலையில எட்டு முள் பவர் வயரைச் சொருக முடியாம ரெண்டு மணி வரைக்கும் மல்லுக்கட்டுன. கோபுரத்தை நட்ட பொறவு அந்த மூலையில வெரல் போகாது, வெரலுக்குத் தகட்டு வெட்டுதான் கெடைக்கும். அந்த வயரும் ராம் குச்சியும் மொதல்ல போயிரணும். பந்தல் போட்ட பொறவா கால் நடுவாக?

பசைக்கு வருவோம். இதைப் பேசாம நான் விட்டா எனக்குத் தூக்கம் வராது. நீ சந்தனக் காப்பு சாத்துன. ட்யூப்பு முழுசும் பிதுக்கி, பழைய ஏடிஎம் கார்டால வழிச்சு, ஓரத்துல வழிஞ்சதை வெரலால தொடச்சு, வெரலை எங்க தொடைச்ச? எங் கட்டில் துண்டுல. சந்தனக் காப்பு சாமிக்கு மருமகனே, சிப்புக்கு இல்ல.

சிப்போட மேல்மூடியும் கூலரோட அடித்தட்டும் கண்ணுக்குத்தான் வழவழன்னு தெரியும். பூதக்கண்ணாடியில பாத்தா ரெண்டும் உழுத கரிசக்காடு. மேடு மேட்டைத் தொடும், பள்ளத்துல காத்து நிக்கும். சூட்டைக் கடத்துறதுல செம்பு, காத்தைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு ஒசத்தி. அந்தக் காத்தை வெரட்டிட்டுப் பள்ளத்துல உக்காரத்தான் பசை. சரி, பசைன்னா பெரிய கடத்தல்காரனான்னா அதுவும் இல்ல. கடையில விக்கிற பசை செம்புல அம்பதுல ஒரு பங்குகூடத் தேறுறது செரமம். அப்ப கூடக் கூடப் பூசுனா என்ன ஆகும்? செம்பும் செம்பும் நெருங்கவேண்டிய எடத்துல மெத்தை போட்டுப் படுத்துரும். ஒரு உளுந்தம்பருப்பு அளவு, நாலஞ்சு மில்லிமீட்டர், நட்ட நடுவுல. அம்புட்டுதான். மேல கூலரை வச்சு முடுக்கயில அதுவே அமுங்கிப் பரவிக்கிடும். பரப்புறதுக்கு ஒன் ஏடிஎம் கார்டு வேண்டாம், அதுலதான் ஒன்னும் இல்லையே.

பூசுறதுக்கு முன்னாடி பழைய பசையைச் சுத்தமாத் தொடைக்கணும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்னு மருந்துக்கடையில கேட்டா கொடுப்பான். ஒங்கப்பன் ஒளிச்சு வச்சிருக்கிறதும் ஆல்கஹால்தான், அது இதுக்கு ஆகாது. இன்னொன்னு, பல கூலருக்கு அடித்தட்டுல ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும், உரிச்சிட்டு மாட்டுன்னு அதுலயே எழுதியிருக்கும். அதை உரிக்காம மாட்டிட்டு, ‘கூலர் டூப்ளிகேட்டு’ன்னு கடைக்காரங்கிட்டச் சண்டைக்குப் போனவுக ஊருக்கு ஒருத்தன் இருக்கான். நீ உரிச்சிட்ட. அதுக்கு மட்டும் ஒனக்கு மார்க்கு.

முடுக்குற விதத்துல நீ எம் மானத்தை வாங்கிட்ட. லாரி டயர் மாத்தயில ஒரு போல்ட்டை முழுசா முடுக்கிட்டா அடுத்ததுக்குப் போவாக? இதுல ஸ்பிரிங் வச்ச ஸ்குரூ ரெண்டே ரெண்டு. ரெண்டு கோபுரத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல நீட்டுத் திருப்புளியை விட்டு, இதுல ரெண்டு சுத்து, அதுல ரெண்டு சுத்துன்னு மாத்தி மாத்தி எறக்கணும். தானா நிக்கிற எடம் வரும். அங்க நிறுத்திரணும். எம்புட்டு அழுத்தணும்னு ஸ்பிரிங்கு கணக்குப் போட்டு வச்சிருக்கு, நீ பஸ்கி எடுத்த பலத்தை அங்க காட்டவேண்டியதில்ல. ஒரு பக்கத்தை மட்டும் கடைசி வரைக்கும் முடுக்கிட்ட, மறுபக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. பசை ஒரு ஓரமா ஒதுங்கிருச்சு. கழட்டி, தொடைச்சு, மறுபடி உளுந்தம்பருப்பு. இனிமே தொடைக்கிறதுக்கு ஒஞ் சட்டையை எடு.

இந்தச் செம்புக் குழாய் ஆறு இருக்கு பாரு, அடித்தட்டுல இருந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு தகட்டுக்குள்ள ஏறுதே, அதை ராத்திரி கெட்டிக் கம்பின்னு நெனச்சுத்தான ‘செம்பு நல்ல வெலை போகும் மாமா’ன்ன? கெட்டி இல்ல, உள்ள பொந்து. காத்தை உறிஞ்சிட்டு, கொஞ்சூண்டு தண்ணியை விட்டு மூட்டி வச்சிருக்கான். காத்தழுத்தம் இல்லாத எடத்துல தண்ணிக்கு நூறு டிகிரி வேண்டாம், கொஞ்சச் சூட்டுலயே ஆவியாயிரும். சூடான முனையில ஆவியாகி, குளுந்த முனைக்கு ஓடி, அங்க தண்ணியாகி, உள்சுவர்ல இருக்கிற செம்புத்தூள் பஞ்சு வழியா மறுபடி சூட்டு முனைக்கே வந்துரும். ஒங்கம்மா இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கயில சொட்டுமே தண்ணி, அதே கதை. மூடியில பட்ட ஆவி, சூட்டை மூடிக்குக் கொடுத்துட்டுத் தண்ணியா எறங்குது. 1963-ல அமெரிக்காவுல லாஸ் அலமோஸ்ங்கிற எடத்துல ஜார்ஜ் குரோவர்னு ஒரு விஞ்ஞானி இதைச் செஞ்சு காட்டி, ஹீட் பைப்புன்னு பேரும் வச்சாரு. விண்வெளிக்குப் போற சாமானுக்காக யோசிச்சது. இப்ப அது கல்யாண வீடியோவுல நலங்குப் பாட்டுக்கு எஃபெக்ட் போட ஒழைக்குது.

இந்தக் குழாய்ல மோட்டார் கெடையாது, வால்வு கெடையாது, கெட்டுப்போறதுக்கு ஒன்னும் இல்ல. ஒங் கூட்டாளி தண்ணி ஓடுற கூலர் வாங்கச் சொன்னானாம்ல, கண்ணாடிப் பொட்டிக்குள்ள அழகா இருக்கும்னு. இருக்கும். அதுக்குள்ள ஒரு குட்டிப் பம்பு இருக்கு. 41 வருசம் பம்பு பாத்தவன் சொல்றேன், பம்புன்னு ஒன்னு இருந்தா அது ஒரு நாள் நிக்கும். நிக்கிற நாளு முகூர்த்த நாளாத்தான் இருக்கும்.

இப்ப ஒசரத்துக்கு மறுபடி வாரேன், அதுல இன்னொரு கூத்து இருக்கு. நீ 165-ன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியே, அதுவும் தப்பு. ஒன் ராம் குச்சிக்கு மேல லைட்டு எரியுதே, குருவிக் கொண்டை மாதிரி, அது எம்புட்டு ஒசரம்? காலையில அளந்தேன், 44 மில்லிமீட்டர். இந்தக் கூலர்ல ரெண்டு விசிறியும் மாட்டுனா முன் விசிறிக்கு அடியில 32 மில்லிமீட்டர்தான் எடம். மிச்சம் பன்னெண்டு மில்லிமீட்டருக்கு விசிறியை மேல தூக்கித்தான் கொக்கி மாட்டியிருக்க. அப்ப ஒங் கோபுரம் 165 இல்ல, 177. பொட்டி 155. வித்தியாசம் ஒரு சுண்டுவெரல் இல்ல மருமகனே, ரெண்டு வெரலு. முன் விசிறியைக் கழட்டிட்டு நடு விசிறியை மட்டும் ஓட்டுனா 64 மில்லிமீட்டர் வரைக்கும் ராமுக்கு எடம் கெடைக்கும், சூடும் பெருசா ஏறாது. இல்ல, கொண்டை இல்லாத குச்சியா வாங்கியிருக்கணும். லைட்டு எரிஞ்சாத்தான் ராமுக்கு ஞாபகசக்தி வருமா?

காலையில நான் ஊதுவத்தி பொருத்திக்கிட்டு வந்தேன்ல, நீ சாமி கும்பிடத்தான்னு நெனச்சுக் கையெடுத்துக் கும்பிட்ட. நான் பாத்தது காத்தை. முன் விசிறிக்கு முன்னாடி வத்தியைப் பிடிச்சேன், பொகை உள்ள போச்சு. சரி. கோபுரத்துக்குப் பின்னாடி பிடிச்சேன், பொகை வெளிய போகணும்ல? அங்கயும் உள்ளதான் போச்சு. ரெண்டு விசிறியும் நேருக்கு நேர் ஊதிக்கிட்டு, பொகை நடுச் சந்துல எங்க போறதுன்னு தெரியாம திருதிருன்னு முழிச்சுச்சு. பட்டிமன்றத்துல ரெண்டு அணியும் ஒரே நேரத்துல பேசுன மாதிரி. விசிறியில ஒரு பக்கம் தெறந்த இறக்கை தெரியும், காத்து அங்கன உள்ள வரும். இன்னொரு பக்கம் குறுக்குச் சட்டமும் நடுவுல ஸ்டிக்கரும் இருக்கும், காத்து அங்கன வெளிய போகும். ரெண்டு விசிறிக்கும் ஸ்டிக்கர் முதுகுப் பக்கத்தைப் பாத்து இருக்கணும், பொட்டியோட பின் விசிறியைப் பாத்து. ஒரு விசிறி கொடுக்க, அடுத்தது வாங்க, மூணாவது வெளிய தள்ள. செங்கல் சித்தாளுக வரிசை மாதிரி.

பொறவு நீ என்ன செஞ்ச? கதவு மூடலைன்னதும் தெறந்தே போட்டுட்ட. ‘நல்லதுதான மாமா, காத்து வரும்’ன்ன. காத்து வரும். கரிசக்காட்டுத் தூசியும் வரும். விடியக்காலம் ஒரு பல்லியும் வந்துச்சு, நாந்தான் வெரட்டுனேன். அது உள்ள உக்காந்து ‘ச்சு ச்சு’ன்னு சொன்னது என்ன பலன்னு பஞ்சாங்கத்துல பாக்கல, மதர்போர்டுக்குக் கெட்ட பலன்னு மட்டும் தெரியும்.

கடைசியா ஒன்னு. அக்கினி நட்சத்திரத்துல ஒன் ஸ்டுடியோ தகரக் கூரைக்கு அடியில 38 டிகிரி. கூலியாளு மூட்டையை எறக்கி வைக்கிற எடமே 38-ல கொதிச்சா அவன் என்ன செய்வான்? எந்த விசிறிக் கூலராலயும் அறைச் சூட்டுக்குக் கீழ ஒரு டிகிரிகூட எறக்க முடியாது. அறையில காத்து வெளிய போக வழியில்லைன்னா, இதே பொட்டி கக்குன சூட்டை இதே பொட்டி மறுபடி குடிக்கும். வடபக்கச் சன்னலுக்கு நேரா ஃப்ளெக்ஸ் பேனரைச் சாத்தி வச்சிருக்கியே, ஒன் போட்டோ போட்டது, அதை எடு. ஊருக்கும் நல்லது.

எல்லாருக்கும் இது வேணுமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். டாலியில பில்லுப் போடுறவுக, பிள்ளைகளுக்குப் பாடம் பாக்குறவுக, இவுகளுக்கு டப்பாவோட வந்த கூலரே போதும். வருசத்துக்கு ரெண்டு தடவை தூசி தட்டுனா சரி. மணிக்கணக்கா சிப்பு முழு மூச்சா ஓடுற தொழில்காரனுக்குத்தான் இந்தப் பயில்வான். அப்பிடி வாங்குனா இன்னொன்னும் கேட்டுக்கோங்க. 700 கிராமுக்கு மேல இருக்கிற கூலரைப் பொட்டியை எடுத்துக்கிட்டு வெளியூர் போகயில கழட்டிட்டுக் கொண்டுபோகச் சொல்லி அந்தக் கம்பெனிக்காரனே எழுதியிருக்கான். நின்ன வாக்குல வச்ச பொட்டிக்குள்ள அது போர்டைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு குலுக்கு. மருமகன், மண்டபத்துக்கே கொண்டுபோய் அங்கனயே எடிட் பண்றேன்னு டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி வச்சுக் கொண்டுபோகத் திட்டம் போட்டிருந்தான். எங்க ஊர்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் ஏழு வேகத்தடை.

இதெல்லாம் சொல்லி ஒரு மாசம் ஆச்சு. மருமகன் கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் அரையடி ஸ்கேலைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு மதுரைக்குப் போனான். கடையில கேபினெட்டுக்குள்ள கையை விட்டு அளந்தானாம், கடைக்காரரு இவன் டெய்லரான்னு கேட்டிருக்காரு. 180 மில்லிமீட்டர் எடம் உள்ள பொட்டி, முன்பக்கம் கண்ணாடி இல்லாம கம்பி வலை போட்டது. இந்தத் தடவை போர்டை வெளிய எடுத்து, அட்டை மேல படுக்கப் போட்டு மாட்டுனான். நான் வெத்தலை மடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குத்திக் காட்ட ஒன்னும் கெடைக்கல, பொழுதே போகல. இப்ப வீடியோ ஓடயில 78 டிகிரி. சன்னலைத் தெறந்தா 76.

பழைய பொட்டி சும்மா கெடந்துச்சு. எங்கக்கா அதைப் படுக்கப் போட்டு, வைக்கோல் பரப்பி, கோழியை அடை வச்சா. 11 முட்டை. 21-ஆம் நாள் ஒம்போது பொரிச்சிருக்கு.